பச்சிலைதானே என்று எண்ணலாமா?
கெத்தும் நீர் உடலுக்குள் செய்யும் பயணம்

"இது என்ன கஞ்சாவா, அபினா? வெறும் பச்சிலைதானே! என்ன செய்துவிடப் போகிறது?"

கெடா மாநிலத்தில் வாழும் வாசகர்களுக்கு இந்தப் பேச்சு புதியதாக இருக்காது. கூலிம், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பாலிங் என்று எந்தப் பக்கம் போனாலும் கெத்தும் என்ற சொல் மக்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. செம்பனைக் குலை வெட்டுகிறவர், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், வெயிலில் நின்று கட்டட வேலை செய்கிறவர் எனப் பலரும் "உடம்பு வலி தெரியாது, களைப்பு வராது" என்று சொல்லிக்கொண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கப்படும் அந்தக் கசப்பு நீரை வாங்கிக் குடிக்கிறார்கள்.

அது நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் அதைக் குடிக்கிறார் என்றால், ஒரு வார்த்தைத் தீர்ப்பு உங்களுக்குப் போதாது. அந்த நீர் தொண்டைக்குக் கீழே இறங்கிய பிறகு எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, எத்தனை நேரம் தங்குகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். விஞ்ஞானிகள் இதை எலி, சுண்டெலி, நாய் ஆகியவற்றின் உடலில் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியில் பெரும் பங்கு நம் பக்கத்து மாநிலமான பினாங்கில் நடந்தது என்பது நமக்குப் பெருமை.

கெத்தும் எப்படிப்பட்ட மரம்?

கெத்தும் நாம் காலையில் குடிக்கும் காப்பியின் உறவு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாய்க்காரர்கள் பியாக் என்றும், தாய்லாந்து மக்கள் கிராத்தோம் என்றும் இதைச் சொல்வார்கள். 1839-ஆம் ஆண்டில் கோர்தால்ஸ் என்ற டச்சுத் தாவரவியலாளர் இந்த மரத்தின் இனத்துக்குப் பெயர் சூட்டினார். அதன் பூவின் ஒரு பகுதி கிறிஸ்தவ மேற்றிராணியார் அணியும் தொப்பியைப் போல இருந்ததாம். அந்தத் தொப்பியின் பெயரையே வைத்து 'மிட்ராகைனா' என்றார்.

மலாயாவில் அபின் பிடித்தவர்கள் அபின் கிடைக்காத வேளையில் இந்த இலையை நாடினார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், உடல் வலி ஆகியவற்றுக்குக் கிராமத்து வைத்தியமாகவும் இது இருந்து வந்தது.

இலையின் வீரியத்துக்கு முக்கிய காரணமான சத்தைத் தனியே பிரித்தெடுத்து, 1921-ல் எலன் பீல்ட் என்ற பெண் விஞ்ஞானி அதற்கு மிட்ராஜினின் என்று பெயரிட்டார். 1932-ல் கே. எஸ். கிரேவால் என்ற இந்திய ஆராய்ச்சியாளர் அதைப் பிராணிகளிடமும் சில மனிதர்களிடமும் சோதித்து எழுதினார். ஆக, நாம் இன்று பேசும் ஆராய்ச்சிக்கு ஏறக்குறைய நூறு வயதாகிறது.

வாயில் போனது எல்லாம் இரத்தத்தில் சேருமா?

பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. மரத்தில் வடிகிற பால் அப்படியேவா கப்பல் ஏறியது? மங்கில் பிடித்து, வாளியில் ஊற்றி, நிறுத்து, வடிகட்டி, ஆசிட் கலந்து உறைய வைத்து, தகடாக்கி, புகைக்கூடத்தில் காய வைத்த பிறகு அல்லவா வெளியே போனது? வழியில் சிந்தியது போக, கழிந்தது போக, கடைசியில் மிஞ்சியது வேறு உருவம் கொண்ட பொருள்.

நாம் விழுங்கும் மருந்துக்கும் இதே கதைதான். முதலில் வயிற்றில் உள்ள அமிலம் அதைத் தாக்குகிறது. தப்பித்தது குடலுக்குப் போகிறது. குடலின் சுவர் வழியாக ஒரு பகுதி உள்ளே நுழைகிறது, மற்றது மலத்தோடு வெளியேறுகிறது. உள்ளே நுழைந்ததும் நேராக உடல் முழுவதும் பரவுவதில்லை. முதலில் கல்லீரல் என்ற பெரிய தொழிற்சாலையைக் கடந்தாக வேண்டும். அங்குள்ள நொதிகள் அதை வெட்டுகின்றன, மாற்றுகின்றன, சிறுநீரில் கரையும்படி வேறொரு பொருளோடு கட்டி அனுப்புகின்றன. இத்தனை சோதனையையும் தாண்டி வந்ததுதான் இரத்தத்தில் கலந்து மூளைக்கும் நரம்புக்கும் போகிறது.

உடல் ஒரு பொருளை உள்ளே வாங்குவதை உட்கிரகிப்பு என்றும், அதை மாற்றி அமைப்பதை வளர்சிதை மாற்றம் என்றும் புத்தகங்கள் கூறும். பெயர் எப்படி இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: போட்டது எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவு?

அடுப்பங்கரையில் ஒரு பாடம்

நம் வீட்டு மஞ்சளையே பாருங்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்து குணமுள்ளது என்கிறார்கள். ஆனால் அதைத் தனியாக விழுங்கினால் இரத்தத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். குடலும் கல்லீரலும் சேர்ந்து அதைக் கழித்துவிடுகின்றன.

1998-ல் பெங்களூரில் உள்ள புனித ஜான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். குர்குமினோடு மிளகின் காரச் சத்தான பைப்பரினைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தார்கள். மனிதர்களின் இரத்தத்தில் குர்குமின் சேர்ந்த அளவு 20 மடங்கு உயர்ந்தது! எலிகளிடமோ ஒன்றரை மடங்கு அளவுக்குத்தான் கூடியது. மிளகு மஞ்சளுக்குப் புதிய சக்தி எதையும் தரவில்லை. மஞ்சளைக் கழித்துத் தள்ளுகிற நொதிகளின் கையைச் சற்று நேரம் கட்டிப் போட்டது, அவ்வளவுதான்.

இந்த ஒரு சோதனையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, ஒரு பொருள் இன்னொரு பொருளின் பாதையைத் திறந்துவிடும் அல்லது அடைத்துவிடும். இரண்டாவது, எலியின் உடலும் மனிதனின் உடலும் ஒரே கணக்கில் நடப்பதில்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கெத்தும் பக்கம் திரும்புவோம்.

பினாங்கு எலிகள் சொன்ன சேதி

மிண்டெனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் போதைப்பொருள் ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. பேராசிரியர் வி. நவரத்தினம் முன்னின்று வளர்த்த மையம் அது. அந்தப் பல்கலைக்கழகத்தில் எஸ். பார்த்தசாரதி, சுராஷ் ராமநாதன், விக்னேஸ்வரன் முருகையா, ஷாரிப் மாசுபி மன்சோர் முதலியோர் சேர்ந்து 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்தது இதுதான். சில எலிகளுக்கு மிட்ராஜினினை நேராக இரத்தக் குழாயில் ஏற்றினார்கள். வேறு சில எலிகளுக்கு அதையே வாய் வழியாகக் கொடுத்தார்கள். பிறகு குறிப்பிட்ட நேர இடைவெளிகளில் சிறிதளவு இரத்தம் எடுத்து, அதில் எத்தனை மிட்ராஜினின் இருக்கிறது என்று கருவியில் அளந்தார்கள். இரத்தக் குழாயில் ஏற்றியது முழுவதும் இரத்தத்தில் சேரும் அல்லவா? அதோடு வாய் வழிக் கணக்கை ஒப்பிட்டால், வழியில் எவ்வளவு தொலைந்தது என்பது தெரிந்துவிடும்.

விடை என்ன தெரியுமா? வாயில் கொடுத்ததில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் உருமாறாமல் இரத்தத்தில் சேர்ந்தது. நூறு பங்கில் 97 பங்கு வழியிலேயே தொலைந்தது!

ஏன் அப்படி? அதே பல்கலைக்கழகத்தார் 2015-ல் இதற்கு ஒரு பகுதி விடை கண்டார்கள். மிட்ராஜினின் தண்ணீரில் எளிதில் கரையாத பொருள். வயிற்று அமிலத்தைப் போலத் தயாரித்த நீரில் போட்டால் அதில் கால் பங்கு கெட்டுப்போகிறது. மிச்சத்தைக் கல்லீரல் பார்த்துக்கொள்கிறது.

"அப்படியானால் பயமே இல்லையே, மூன்று பங்குதானே சேருகிறது!" என்று யாராவது மகிழ்ந்துவிடக் கூடாது. மேலே படியுங்கள்.

எலி வேறு, நாய் வேறு, மனிதன் வேறு

2020-ல் அமெரிக்காவில் இதே பொருளை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஏறத்தாழ 70 விழுக்காடு இரத்தத்தில் சேர்ந்தது! எலியிடம் 3, நாயிடம் 70. ஒரே சத்துதான், உடல்கள்தான் வேறு.

அது உடலில் தங்கும் நேரமும் அப்படித்தான். இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கிடுவார்கள். வாய் வழியாகக் கொடுத்த பினாங்கு எலிகளிடம் அது 6 மணிக்குச் சற்று அதிகம். தாய்லாந்தில் 2007-ல் சோதித்த எலிகளிடம் 9 மணிக்கு மேல். 2015-ல் தாய்லாந்திலேயே, நெடுநாள் பழக்கமுள்ள 10 ஆடவர்களிடம் அளந்து பார்த்தபோது ஏறத்தாழ 23 மணி நேரம் என்று தெரிந்தது.

இதன் பொருளைக் கவனியுங்கள். காலை ஏழு மணிக்குக் குடித்தவரின் இரத்தத்தில், மறுநாள் காலை வேலைக்குப் புறப்படும்போதும் ஏறக்குறைய பாதி மிஞ்சியிருக்கும். அதன் மேல் அன்றைய பங்கையும் ஊற்றுகிறார். மாலையில் இன்னொன்று. பழைய பாக்கி தீராமல் புதுக் கடன் வாங்குகிற கதைதான்! கடைக்காரரின் கடன் புத்தகத்தைப் போலவே, உடலும் ஒரு கணக்கு எழுதி வருகிறது.

2009-ல் ஜெர்மனியில் எலியின் சிறுநீரையும் கெத்தும் பயன்படுத்திய மனிதரின் சிறுநீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். இரண்டு கல்லீரல்களும் மிட்ராஜினினைப் பெரும்பாலும் ஒரே விதமாக வெட்டியிருந்தன. ஆனால் வெட்டிய துண்டுகளைக் கட்டி அனுப்பும் முறையில் வேறுபாடு இருந்தது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பிராணியோடு நிற்பதில்லை. எலி வழியைக் காட்டும். வழி முழுவதையும் அது நடந்து காட்டாது.

கல்லீரல் கூர் தீட்டும் கத்தி

கல்லீரல் என்றால் நஞ்சை முறிப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது உண்மை. ஆனால் சில வேளைகளில் அது மொட்டைக் கத்தியைக் கூர் தீட்டியும் அனுப்பிவிடும்.

மிட்ராஜினினில் கல்லீரல் நொதி ஒன்று சிறு மாற்றம் செய்கிறது. அப்போது 7-ஹைட்ராக்சி மிட்ராஜினின் என்ற பொருள் உண்டாகிறது. இந்தப் பொருள் சுண்டெலிகளின் வலியை மார்பினைவிட வலுவாக அடக்குகிறது என்று ஜப்பானியர்கள் 2004-ல் கண்டார்கள். 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், மிட்ராஜினின் கொடுத்த சுண்டெலிகளின் மூளையை ஆராய்ந்து, வலி அடங்குவதற்குப் பெரும் காரணம் கல்லீரல் உண்டாக்கிய இந்தப் புதுப் பொருள்தான் என்று எழுதினார்கள்.

ஆக, இலையில் இருப்பது ஒன்று. உடல் உண்டாக்கிக்கொள்வது இன்னொன்று. இந்த நொதி எல்லா மனிதரிடமும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. பிறவி, வயது, கல்லீரலின் நலம், சாப்பிடும் மற்ற மருந்துகள் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். "பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருடமாகக் குடிக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் இங்கேதான் உடைந்துபோகிறது. அவருடைய கல்லீரல் அவருக்கு, உங்களுடையது உங்களுக்கு.

இருமல் மருந்தோடு கலந்தால்...

இளைஞர்களைப் பெற்ற தாய்மார்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன்.

கெத்தும் நீரோடு இருமல் மருந்தைக் கலந்து குடிக்கும் பழக்கம் தாய்லாந்தின் தென்பகுதியிலும் நம் வட மாநிலங்களிலும் இளைஞர்களிடையே பரவியது. மிளகு மஞ்சளுக்குச் செய்ததை நினைவில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? கெத்தும் அதையே மருந்துகளுக்குச் செய்கிறது. மருந்துகளைக் கழிக்கும் கல்லீரல் நொதிகள் சிலவற்றை அது தடுக்கிறது.

அமெரிக்காவில் 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், உடல் நலமுள்ளவர்களுக்குச் சிறிதளவு கெத்தும் தேநீரும், இருமல் மருந்துகளில் சேரும் டெக்ஸ்ட்ரோமெத்தோர்பன் என்ற மருந்தும் கொடுத்தார்கள். இரத்தத்தில் அந்த மருந்தின் மொத்த அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது! ஒரு கரண்டி குடித்தவன் இரண்டு கரண்டிக்கு மேல் குடித்தவனுக்குச் சமமாகிறான். பாட்டிலையே கவிழ்க்கிறவனின் நிலை என்ன?

சுவீடன் நாட்டில், கெத்தும் தூளோடு வலுவான வலி நிவாரணி ஒன்றைக் கலந்து விற்ற பொருளால் ஓராண்டுக்குள் 9 பேர் மாண்டுபோன செய்தி 2011-ல் மருத்துவ இதழில் வெளிவந்தது. தனியாக இருந்தபோது தாங்கிய உடல், கூட்டாக வந்தபோது தாங்கவில்லை.

இது இளைஞர்களுக்கு மட்டும் உரிய எச்சரிக்கை அன்று. தூக்க மருந்து, மனநல மருந்து, வலிப்பு மருந்து, வலி மாத்திரை என்று எதையாவது அன்றாடம் சாப்பிடுகிற பெரியவர் கெத்தும் நீரும் குடித்தால், டாக்டர் கணக்கிட்டுக் கொடுத்த அளவு அவர் உடலில் அதே அளவாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பழக்கம் பிடித்தவர்களின் நிலை

2014-ல் டர்ஷன் சிங், விக்னசிங்கம் முதலிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வட மாநிலங்களில் கெத்தும் நீரைத் தொடர்ந்து குடிக்கும் 293 பேரை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கடுமையாக அடிமைப்பட்டிருந்தார்கள். நிறுத்த முயன்றால் தசை வலி, தூக்கமின்மை, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், காய்ச்சல், பசியின்மை, வயிற்றுப்போக்கு. அதோடு எரிச்சல், கோபம், சோர்வு.

"குடித்தால் நல்ல மனிதர், குடிக்காவிட்டால் வீட்டில் எரிந்து விழுகிறார்" என்று மனைவிமார் சொல்வதற்கு இதுதான் காரணம். அது அவருடைய குணம் அன்று, உடல் கேட்கும் பாக்கி. கர்ப்பிணித் தாய் இதைக் குடித்ததால் பிறந்த பிள்ளைக்கும் இத்தகைய அறிகுறிகள் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

மருந்தாகும் நாள் வருமா?

கெத்தும் வெறும் கேடு என்று தள்ளிவிடவும் விஞ்ஞானம் இடம் தரவில்லை. 2020-ல் விக்னசிங்கமும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, கெத்தும் பழக்கமுள்ள 26 ஆடவர்களைச் சோதித்தார்கள். குளிர்ந்த நீரில் கையை எத்தனை நேரம் வைத்திருக்க முடிகிறது என்று பார்த்தார்கள். ஒரு முறை கெத்தும் நீரும், இன்னொரு முறை அதே மாதிரி தோன்றும் வேறு பானமும் கொடுத்தார்கள். எது எதுவென்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. கெத்தும் குடித்த ஒரு மணி நேரத்தில் வலி தாங்கும் நேரம் சராசரியாக இரண்டு மடங்கு ஆனது. ஆக, "வலி தெரியாது" என்று தொழிலாளர் சொன்னது கட்டுக்கதை அன்று.

இந்த இலையிலிருந்து ஒரு நாள் நல்ல வலி மருந்து வரலாம். கடுமையான போதைப் பழக்கத்திலிருந்து மக்களை மீட்கும் மருந்தும் வரலாம். ஆனால் அதற்குக் கெத்தும் நீர் பையில் கட்டியபடியே மருந்தாகிவிடாது. ஓர் இலையில் இருப்பது இன்னோர் இலையில் இருப்பதில்லை; ஒரு கடைக்காரர் காய்ச்சுவது போல மற்றவர் காய்ச்சுவதில்லை. அளவு தெரியாதது மருந்து ஆகாது. எலிகளும் நாய்களும் இரத்தம் கொடுத்தது அந்த அளவைக் கண்டுபிடிப்பதற்குத்தான்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ், 2003 முதல் மிட்ராஜினின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அபராதமும் சிறையும் உண்டு. 1943-ல் தடை விதித்த தாய்லாந்து 2021-ல் அதைத் தன் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள வழக்கத்தைக் காட்டி இந்தப் பக்கம் தப்பிக்க முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

குடும்பத் தலைவர் குடிக்கிறார் என்றால் முதலில் திட்டாதீர்கள், கேளுங்கள். இடுப்பு வலியா, தோள் வலியா, முழங்கால் தேய்மானமா? பெரும்பாலும் வலியில்தான் கதை தொடங்குகிறது. அந்த வலிக்கு அரசாங்கக் கிளினிக்கில் வைத்தியம் இருக்கிறது.

டாக்டரிடம் போனால் கெத்தும் குடிப்பதை மறைக்காதீர்கள். "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று அவர் கேட்கும்போது, பச்சிலையையும் மருந்தாகக் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

இருமல் மருந்து, தூக்க மாத்திரை, சம்சு இவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்து குடித்து மயங்கிக் கிடப்பவரை "தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவாகிவிட்டால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நெடுநாள் பழக்கமுள்ளவர் விட நினைத்தால், முதல் சில நாட்கள் கடினமாக இருக்கும். கிளினிக்கிலோ தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்திலோ உதவி கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கெத்தும் பச்சிலைதான், யாரும் மறுக்கவில்லை. அபின் பாப்பிச் செடியின் பால், புகையிலையும் இலை, உயிர் காத்த கொய்னாவும் ஒரு மரத்தின் பட்டை. செடியில் பிறந்தது என்பதால் ஒன்று நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது. எவ்வளவு, யாருக்கு, எதனோடு என்ற மூன்று கேள்விகள்தான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கின்றன. அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது "பச்சிலைதானே" என்று சொன்னால், அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.